அறுபதாயிரம் டொலர் என்னும் பொய்க்கணக்கு

குறைந்த செலவில் எடுக்கப்பட்டுப் பெரும் வசூலைக் குவித்த திகிற்படங்களைப் பற்றிப் பேசும்போது நம்மிற் பலர் ஒரு வாய்பாட்டை ஒப்புவிப்பதுண்டு. செலவு இவ்வளவு, வசூல் இவ்வளவு, ஆகவே இலாபம் இத்தனை ஆயிரம் மடங்கு என்பதே அவ்வாய்பாடு. இதற்கு அவர்கள் காட்டும் தலையாய சான்று, 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'த பிளேயர் விச் புரொஜெக்ட்' என்னும் படமாகும். 60,000 டொலரில் எடுக்கப்பட்டதாகக் கூறப்படும் இப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 248 மில்லியன் டொலரை வசூலித்தது. நாலாயிரம் மடங்கு! மூலதனம் இல்லாதவனும் திறமையால் முன்னேறலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ என அவர்கள் வினவுகின்றனர். இக்கணக்குப் பொய்யானது, பொய் மாத்திரமன்றித் தீங்கானதும் ஆகும் என்பதே எமது வாதம்.

முதலில் வசூலை நோக்குவோம். திரையரங்கின் வாயிலிற் சேரும் பணம் தயாரிப்பாளரின் பணம் அன்று. அதில் ஏறத்தாழ அரைவாசி அரங்க உரிமையாளருக்கு உரியது. எஞ்சியதும் விநியோகத்தரின் கைக்கே முதலிற் செல்கின்றது. அடுத்து, செலவு. 1999 சனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இப்படத்தைக் கண்ட ஆர்ட்டிசன் நிறுவனம் 1.1 மில்லியன் டொலருக்கு அதனை வாங்கியது. ஒலிச் சீரமைப்பு முதலிய வேலைகளுக்கு மேலும் பல இலட்சம் டொலர் செலவாயிற்று. விளம்பரத்திற்கோ 20 மில்லியன் டொலருக்கும் அதிகமாகக் கொட்டப்பட்டது. படப்பிடிப்புச் செலவைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட தொகை இது. இதனை மறைத்துவிட்டு 60,000 டொலரை மாத்திரம் உச்சரிப்பது, விதைநெல்லின் விலையைக் கூறி அறுவடையின் செலவு இதுவே என்பதற்கு ஒப்பாகும்.

எனினும் இவற்றையெல்லாம் கழித்த பின்னரும் பெரும் இலாபம் எஞ்சியது என்பதை மறுப்பதற்கில்லை. அவ்விலாபம் எதிலிருந்து பிறந்தது? யாரிடம் சென்றது? வாய்பாட்டினர் கேட்கத் தவறும் வினாக்கள் இவையே.

1997 ஒக்டோபரில் எட்டு நாள்கள், மேரிலாந்து மாநிலத்துக் காட்டிலே, ஹெதர் டொனஹியூ, மைக்கல் வில்லியம்ஸ், ஜொஷுவா லியொனார்ட் ஆகிய மூவரும் கமெராவைத் தாமே சுமந்து படம் பிடித்தனர். எழுதப்பட்ட வசனம் இல்லை. பேச்சை அவர்களே அவ்வப்போது உருவாக்கினர். இயக்குநர்களான டானியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் நாளுக்கு நாள் அவர்களது உணவைக் குறைத்தனர். இரவிலே துயிலைக் கலைத்தனர். திரையில் நாம் காணும் களைப்பும் எரிச்சலும் முற்றிலும் நடிப்பல்ல. நடிகர், ஒளிப்பதிவாளர், வசனகர்த்தா ஆகியோர் செய்யும் வேலைகளை மூவர் செய்தனர். செலவு குறைந்ததன் இரகசியம் இதுவே. கணக்கேட்டில் 'சிக்கனம்' எனப் பதியப்பட்டிருப்பது உண்மையிற் கூலி கொடுபடாத உழைப்பாகும்.

அதுவும் போதவில்லை. அம்மூவரின் சொந்தப் பெயர்களே கதாபாத்திரங்களுக்கும் சூட்டப்பட்டன. விளம்பரம் அவர்களை மெய்யாகவே காணாமற்போனவர்களாகச் சித்திரித்தது. தம் பெயரையும் முகத்தையும் கூடச் சரக்காகக் கொடுத்த அவர்களுக்கு, வெற்றிக்கேற்ற பங்கு கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 2024 ஏப்ரலில், படத்தின் உரிமையை அப்போது வைத்திருந்த லயன்ஸ்கேட் நிறுவனத்திற்கு அவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி உரிய தொகையைக் கோர நேர்ந்தது. நாலாயிரம் மடங்கு என்று வியப்போர் இக்கடிதத்தையும் தம் வாய்பாட்டிற் சேர்ப்பார்களா?

பணமே பணத்தைப் பெருக்கிற்று என்பார்க்கு, ஆர்ட்டிசன் நிறுவனமே விடையளித்துள்ளது. 2000ஆம் ஆண்டில் அது 15 மில்லியன் டொலர் செலவில் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. செலவு 250 மடங்கு; வசூலோ முதற் படத்தினதில் ஐந்திலொரு பங்கு மாத்திரமே. மூலதனம் இருந்தது, அந்தக் காட்டு இரவுகள் இருக்கவில்லை.

இது தனியொரு நிகழ்வும் அன்று. 1968இல் வெளியான 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தைப் பிட்ஸ்பர்க் நகரத்தவரான ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 114,000 டொலரில் எடுத்தனர். விநியோகத்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, அக்காலச் சட்டம் வேண்டிய பதிப்புரிமைக் குறிப்பு பிரதிகளில் விடுபட்டுப்போயிற்று. அதனால் அப்படம் எவரும் படியெடுத்து விற்கக்கூடிய பொதுச் சொத்தாயிற்று. பல மில்லியன்களை ஈட்டிய படத்தைப் படைத்தோர் சிறு பங்கையே கண்டனர். அங்கே ஒரு தவறு பறித்ததை, இங்கே ஓர் ஒப்பந்தம் பறித்தது. வேறுபாடு அவ்வளவே.

'விரும்பித்தானே கையொப்பமிட்டனர்? விநியோகத்தர் இன்றேல் படத்தை எவர் பார்த்திருப்பார்?' என வாதிடுவோர் உளர். விநியோகத்தரின் பணி அவசியமானதே. ஆனால், அவசியமான ஒருவர் அனைத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எந்த நியாயம்? அறியப்படாத இளம் நடிகனுக்குக் கையொப்பமிடாதிருக்கும் சுதந்திரம் என்பது வீட்டிலிருக்கும் சுதந்திரமன்றி வேறென்ன? விநியோகத்தர் எவரும் ஏறிட்டுப் பாராத எத்தனையோ படங்கள் பெட்டிக்குள் உறங்குகின்றன என்பதை அந்நடிகனும் அறிவான்.

குறைந்த செலவிற் படைப்பதை யாம் இகழவில்லை. சூனியக்காரியை ஒருமுறையேனும் காட்டாமல் அச்சத்தை விளைவித்த இப்படத்தின் கலைநயம், வறுமையையே வடிவமாக்கிக்கொண்ட சாதனை என்பதில் ஐயமில்லை. யாம் எதிர்ப்பது அவ்வறுமையை முதலீட்டு வித்தையாகப் போற்றும் மனப்பாங்கையே. நாளை நம் மாணவருள் ஒருவர் இரவல் கமெராவுடன் படமெடுக்கப் புறப்படலாம். அவரிடம் நாலாயிரம் மடங்குக் கதையைக் கூறி அனுப்பாதீர். ஒப்பந்தத்தை வாசிக்கவும், உடனுழைத்தோர் பெயர்களையும் பங்குகளையும் முதலிலேயே எழுதிவைக்கவும் சொல்லி அனுப்புங்கள். இலாபம் எத்தனை மடங்கு என்பது வணிகரின் கேள்வி. எவருடைய உழைப்பு, எவருடைய இலாபம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.