‘72 சீசன்ஸ்’: கிராமி வாங்கிய மெட்டாலிகா ஆல்பம்... ரசிகர்கள் இரண்டுபட்டது ஏன்?

கிராமி விருது கைக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் முதலிடமும் கிடைத்துவிட்டது. ஆனாலும், மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ நல்ல ஆல்பமா, சுமாரா என்கிற பஞ்சாயத்து ரசிகர்களிடையே இன்னும் முடிந்தபாடில்லை.

2023 ஏப்ரல் 14 அன்று வெளியான இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலுக்கு, 2024 பிப்ரவரியில் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி கிடைத்தது. சிறந்த ராக் ஆல்பம் பிரிவிலும் போட்டியில் இருந்தது. ஆனால், அந்த விருதை பாராமோர் குழு தட்டிச் சென்றது. அப்படியென்றால் ஆல்பம் ஜெயித்ததா, இல்லையா?

ஆல்பத்தில் என்ன இருக்கிறது?

1981-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கப்பட்ட குழு மெட்டாலிகா. 2016-ல் வந்த ‘ஹார்ட்வயர்டு... டு செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்’ ஆல்பத்துக்குப் பிறகு ஆறரை ஆண்டுகள் கழித்து வந்தது இது. அவர்களின் 11-வது ஸ்டுடியோ ஆல்பம். மொத்தம் 12 பாடல்கள், 77 நிமிடங்கள். கடைசிப் பாடலான ‘இனமொராட்டா’ மட்டுமே 11 நிமிடங்களைத் தாண்டுகிறது. அவர்கள் சொந்தமாக எழுதிய பாடல்களிலேயே நீளமானது இதுதான்.

அதென்ன 72? ஆண்டுக்கு நான்கு பருவங்கள் என்றால், 18 ஆண்டுகளுக்கு 72. பிறந்ததிலிருந்து 18 வயது வரை நம் மனதில் பதிவதுதான் பிறகு நாம் யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கருத்து. அவருக்கு 16 வயது இருக்கும்போது தாய் புற்றுநோயில் இறந்தார். 2019-ல் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்காக ஹெட்ஃபீல்டு மீண்டும் மறுவாழ்வு மையத்துக்குப் போனார். அதனால் ஆஸ்திரேலியப் பயணமே தள்ளிப்போனது. அந்த இருட்டும் அவமானமும்தான் இந்த ஆல்பம் முழுக்கப் பேசப்படுகின்றன.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

பெரும்பாலும் பாராட்டினார்கள். அறுபதை நெருங்கும் வயதிலும் ஹெட்ஃபீல்டின் குரலில் இருக்கும் வலு, வரிகளில் உள்ள வெளிப்படைத்தன்மை, முதலில் வெளியான ‘லக்ஸ் எடெர்னா’ பாடலின் வேகம் ஆகியவை பல விமர்சனங்களில் இடம்பெற்றன. குறை என்றால் ஒன்றுதான்: நீளம். ‘நடுவேகப் பாடல்கள் சில ஒன்றுபோலவே இருக்கின்றன, இரண்டு மூன்றைக் கழித்திருந்தால் ஆல்பம் நறுக்கென்று இருந்திருக்கும்’ என்பதே பலரின் கருத்து.

ரசிகர்களின் கோபம் புதிதா?

இல்லவே இல்லை. மெட்டாலிகா ரசிகர்களுக்கு இது 30 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1991 ஆல்பம் வேகத்தைக் குறைத்தபோது, ‘விலைபோய்விட்டார்கள்’ என்றார்கள் பழைய ரசிகர்கள். அது அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கும் மேல் விற்றது. 2003-ல் ‘செயின்ட் ஆங்கர்’ வந்தபோது, தகர டப்பாவைத் தட்டுவதுபோல் டிரம் ஒலிக்கிறது, கிட்டார் சோலோவே இல்லை என்று கிண்டலடித்தார்கள். அதன் தலைப்புப் பாடலும் கிராமி வாங்கியது! 2008-ல் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தின் ஒலி அளவுக்கு மீறி ஏற்றப்பட்டுக் கரகரக்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டனர். ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருந்ததுதான் அவர்களிடம் இருந்த ஆதாரம்.

அவையெல்லாம் கையால் சுட்டிக்காட்டக்கூடிய மாற்றங்கள், பிழைகள். ‘72 சீசன்ஸ்’ விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கிறது, வேகம் இருக்கிறது, சோலோ இருக்கிறது. ஆனாலும் ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுல நிக்கலையே’ என்கிறது ஒரு தரப்பு. ‘இந்த வயசுல இதைவிட வேற என்னப்பா வேணும்?’ என்கிறது இன்னொரு தரப்பு.

எண்கள் சொல்வது என்ன?

1991 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தன. ‘72 சீசன்ஸ்’ இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. முதலிடத்தை மோர்கன் வாலன் என்ற கன்ட்ரி பாடகர் பல வாரங்களாக விடாமல் பிடித்து வைத்திருந்தார். 2016-ல் முதல் வாரக் கணக்கு சுமார் 2.91 லட்சம். இந்த முறை 1.46 லட்சம். ஏறக்குறைய பாதி.

இதை வைத்து ‘ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள்’ என்று சொல்லிவிட முடியாது. அந்த 1.46 லட்சத்தில் பெரும்பகுதி முழு ஆல்பமாகக் காசு கொடுத்து வாங்கப்பட்டது. ஸ்ட்ரீமிங் மூலம் வந்தது சிறு பங்குதான். வாலனின் பலம் இதற்கு நேரெதிராக ஸ்ட்ரீமிங்கில் இருந்தது. விசுவாசமான ரசிகர்கள் தட்டு வாங்குகிறார்கள், புதியவர்களோ பழைய பாடலைத் தேடிப் போகிறார்கள். 2022-ல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் இடம்பெற்ற பிறகு, 1986-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாடல் அமெரிக்காவின் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்தது. மெட்டாலிகாவின் புதிய பாடலுக்குப் பெரிய போட்டி மெட்டாலிகாவின் பழைய பாடல்தான்.

குழுவுக்கும் இது தெரியும். 2023 ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய உலகப் பயணத்தில் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவுகள், ஒரு பாடல்கூடத் திரும்ப வராது என்று அறிவித்தார்கள். ஆனால், அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை பழைய பாடல்களே.

அப்படியானால் தீர்ப்பு?

இரண்டு புகார்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘77 நிமிடம் அதிகம்’ என்பது ஆல்பத்தைப் பற்றிய புகார், அதில் நியாயம் இருக்கிறது. ‘ஹார்ட்வயர்டு’ ஆல்பமும் 12 பாடல்கள், ஏறத்தாழ இதே நீளம். அப்போதும் இதே குறை சொல்லப்பட்டது. வெட்டச் சொல்ல குழுவில் ஆள் இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

‘1986 மாதிரி இல்லை’ என்பது வேறு. அது கேட்பவரின் வயதைப் பற்றியது. 15 வயதில் முதன்முதலாகக் கேட்ட பாடல் உடம்பில் ஊறிப்போகிறது. 50 வயதில் கேட்கும் எந்தப் பாடலும் அதனோடு போட்டியிட முடியாது. முதல் 18 ஆண்டுகள் ஆளை உருவாக்கிவிடுகின்றன என்ற ஹெட்ஃபீல்டின் கருத்துக்கு, அவரது ஆல்பத்தைக் குறைசொல்லும் ரசிகர்களே சாட்சி.

1986-ல் ஹெட்ஃபீல்டுக்கு வயது 22. கோபத்தை அன்றே எழுதிவிட்டார். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு இன்னும் 37 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதைக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு, இந்த 77 நிமிடங்களில் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது.