மீன் எங்கிருந்து வந்தது?

கடல் மீன்தொட்டிப் படங்களை நாங்களும் வாய் பிளந்துதான் பார்க்கிறோம். நீல எல்.ஈ.டி. வெளிச்சத்தில் பவளம் பச்சையாய், செம்மஞ்சளாய் ஒளிரும். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் பில்டர் பிடித்தால் அந்த நிறம் படத்திலும் விழும். என்ன கமரா, என்ன லென்ஸ், என்ன லைட், எல்லாம் படத்துக்குக் கீழே எழுதுகிறீர்கள். மீன் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஏன் எழுதுவதில்லை?

கோமாளி மீன் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளரும். ஆனால் சினிமாவில் 'டோரி'யாய் வந்த நீலமீனைத் தொட்டியில் பெருக்க 2016 வரை ஒருவராலும் முடியவில்லை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலான இனங்கள் இன்றைக்கும் கடலில் பிடித்தவைதான். எங்கட தீவிலிருந்தும் போகின்றன. கிழக்குக் கரையில் ஆட்கள் சிலிண்டர் கட்டி இறங்கிப் பிடிக்கிறார்கள். ஆழத்திலிருந்து அவசரமாய் மேலே வந்தால் உடம்பு முடங்கலாம், உயிரும் போகலாம்.

மீன் வளர்க்காதேங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. 'கடலில் பிடித்தது' அல்லது 'தொட்டியில் பிறந்தது' என்று ஒரு வரி எழுதுங்கோ. அந்த வரி இல்லாத படம் வடிவாய் இருக்கலாம், நேர்மையாய் இல்லை.