தேர் எந்தத் தெருவரை வருகிறது?



பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டும் நாள்களில், ஒவ்வோர் ஆண்டும் சனவரி 14 அன்று, புனித தேவசகாயத்தை நாம் நினைவுகூர்கிறோம். 2022 மே 15 அன்று உரோமையில், புனித பேதுரு வளாகத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் ஊர்களில் ஆலய மணிகள் ஒலித்தன. வெடிச் சத்தமும் கேட்டது. புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர். 2025-இல் இந்தியப் பொதுநிலையினர் அனைவருக்கும் அவரே பாதுகாவலர் என்று திருப்பீடம் உறுதி செய்தது. புதிய சுரூபங்கள், கெபிகள், நவநாள் செபங்கள் என்று பல பங்குகளில் அவர்மீது பக்தி பெருகி வருகிறது. மகிழ்ச்சியே. ஆனால் திருச்சபை ஒருவரைப் பாதுகாவலராகத் தரும்போது, இவரைப் போல் வளருங்கள் என்றும் நமக்குச் சொல்கிறது. அந்த வளர்ச்சி நம்மிடம் எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அவரது வாழ்வில் நம்மை முதலில் வியக்க வைப்பது காலக் கணக்கு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றியவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டிலனாய், துன்பத்தில் இருந்த நண்பருக்கு யோபின் வரலாற்றைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்தந்தை புட்டாரியின் கையால் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். 1749 பிப்ரவரியில் கைது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

கிறிஸ்தவராக அவர் வாழ்ந்தது மொத்தம் ஆறு ஆண்டு எட்டு மாதங்கள். அதிலும் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் விலங்குகளோடு கழிந்தது. எருமை மீது பின்புறம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்று அவரை அவமானப்படுத்தினார்கள். நம்மில் பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களிலேயே திருமுழுக்குப் பெற்றவர்கள். பத்து வயதுக்குள் முதல் நற்கருணை, பிறகு உறுதிப்பூசுதல். ஐம்பது, அறுபது ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பவர்கள் நம் பங்குகளில் ஏராளம். ஆண்டுகளை மட்டும் எண்ணினால் நாம் அவரைவிட எத்தனையோ மடங்கு மூத்த கிறிஸ்தவர்கள்!

ஆனால் புனித பவுல் ஆண்டுகளை எண்ணவில்லை. கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களை அவர் குழந்தைகள் என்கிறார். திட உணவு கொடுக்க முடியாமல் பால் ஊட்டியதாகச் சொல்கிறார் (1 கொரி 3:1-4). எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவர்கள் செபிக்கவில்லை என்பதற்காகவா? இல்லை. அருங்கொடைகள் குறைவாக இருந்தனவா? அவை கொரிந்தில் நிரம்பி வழிந்தன. அவர்களிடையே பொறாமையும் சண்டையும் இருந்தன. நான் இந்தக் கட்சி, நீ அந்தக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். அதுவே அவர்கள் இன்னும் குழந்தைகள் என்பதற்குப் பவுல் காட்டும் அடையாளம். ஆன்மிக முதிர்ச்சியை நாம் வழக்கமாக அளக்கும் கோலும் பவுலின் கோலும் வேறு வேறு. எத்தனை தியானம், எத்தனை வேளாங்கண்ணி நடைப்பயணம், எத்தனை செபமாலை என்று நாம் கேட்கிறோம். அவரோ, யாரோடு சேர்ந்து அமர்கிறாய் என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியோடு வடக்கன்குளத்துக்கே போவோம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அந்த ஊரில், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பெரியதோர் ஆலயம் எழுந்தது. வெளியூரார் அதைக் கால்சட்டையோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள் போல் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே தடுப்பு. ஒரு சாதியார் ஒரு காலில், மற்றச் சாதியார் மறு காலில். (எந்தெந்தச் சாதியார் என்று இங்கே பெயர் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால், நாங்கள் அல்ல என்று மற்றவர்கள் நிம்மதி அடைந்துவிடுவோம்.) இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம், குருவைப் பார்க்கலாம், எழுந்தேற்றத்தில் நற்கருணை ஆண்டவரைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் மட்டும் பார்க்க முடியாது. 1910-இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது ஒரு தரப்பார் வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, திருச்சபைக்கு ஆதரவாக முடிந்தது.

இதில் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் அல்லர். வயலில் விளைந்ததைக் காணிக்கையாகத் தந்தவர்கள். தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள். அந்த வடிவத்துக்கு இசைந்த குருக்களும் மறைப்பணியில் உயிரைத் தேய்த்தவர்களே. பக்தி இருந்தது, முதிர்ச்சி வரவில்லை. அரண்மனை உத்தியோகத்தையும் சாதிப் பெருமையையும் விட்டிறங்கி ஒருவர் தண்ணீரில் நின்ற அதே ஊரில், அவர் விட்டதை நாம் மீண்டும் எடுத்துச் சுண்ணாம்பும் கல்லும் சேர்த்துச் சுவராக்கினோம்.

பழைய கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. 2008 மார்ச் 9 அன்று விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே சாதி மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த ஆண்டு அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்தி, இலாசர் கல்லறையிலிருந்து வெளியே வந்த நிகழ்ச்சி. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, தீண்டாமையும் பாகுபாடும் திருச்சபைக்குள்ளேயே இருக்கின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும். அறிக்கை எத்தனை பங்குப் பேரவைகளில் வாசிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி.

மற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குப்பணியாளராக இருந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். மாதா திருவிழாவின் தேர்ப்பவனி பெரிய தெரு முழுவதும் சுற்றி வந்து, கிழக்குத் தெருமுனையில் திரும்பிவிடும். அதற்கப்பால் இருப்பதும் நம் மக்களின் தெருதான். பங்கின் பாடகர் குழுவில் பாதிப்பேர் அங்கிருந்தே வந்தார்கள். தேரும் அங்கே வர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். விழாக் கூட்டம் இரவு பதினொரு மணி வரை நடந்தது. சாலை குறுகல் என்றார் ஒருவர். மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார் இன்னொருவர். தண்ணீர் லாரி தினமும் போய் வருகிற சாலை அது! கடைசியில், வழக்கம்போல் என்று முடிவாயிற்று.

எல்லாரும் கலைந்த பிறகு வயதான உபதேசியார் மட்டும் நின்றார். அவர் வீடு அந்தத் தெருவில்தான். "சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? மாசாமாசம் முதல் வெள்ளி நீங்க நற்கருணையைத் தூக்கிக்கிட்டு எங்க தெருவுக்கு வர்றீங்க. படுத்த படுக்கையா கிடக்கிறவங்களுக்குக் குடுக்கிறீங்க. அதுக்கு யாரும் தடை சொல்லல. ஆண்டவரே வர்றாரு. மாதா சுரூபம் வர்றதுக்கு மட்டும் கமிட்டி கூடணுமா?"

"அடுத்த வருசம் பார்ப்போம், உபதேசியார்" என்றோம். அந்த அடுத்த வருசம், நாம் அந்தப் பங்கில் இருந்த ஐந்து ஆண்டுகளிலும் வரவில்லை. குருமடத்தில் இறையியல் படித்தவர்கள் நாம். திருச்சபை கிறிஸ்துவின் மறையுடல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அந்த இரவில் நமக்கு இல்லாமற்போனது அறிவு அல்ல. விழா நின்றுவிடுமோ, ஆயர் இல்லத்துக்குப் புகார் போகுமோ, நன்கொடை குறையுமோ என்ற அச்சமே நம் வாயை அடைத்தது.

அந்தியோக்கியாவில் புனித பேதுருவுக்கும் இதுவே நேர்ந்தது. பிற இனத்தவரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த அவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் (கலா 2:11-14). இது பெந்தக்கோஸ்துக்கு முன் நடந்ததன்று. கொர்னேலியுவின் வீட்டில் கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்று பேதுருவே அறிக்கையிட்ட பிறகு நடந்தது. உண்மை தெரிந்தவரும், தூய ஆவியைப் பெற்றவரும்கூட, ஒரு பந்தியின் முன் சறுக்கிவிடலாம். எனவே சீடத்துவத்தில் வளர்வது என்பது ஒருமுறை ஏறி நின்றுவிடும் படி அன்று. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் வரும்போதெல்லாம் அதை மீண்டும் ஏற வேண்டியிருக்கிறது. பேதுருவின் பெருமை, தம் சறுக்கலை எழுதிய பவுலை அவர் பகைக்கவில்லை என்பதில் இருக்கிறது.

புனிதர் பட்ட நடைமுறையின்போது, 2020-இல், தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருப்பீடம் நீக்கியது. சிலருக்கு அது வருத்தம் தந்தது. வரலாற்றை மாற்றுவதாகாதா என்று கேட்டார்கள். வரலாற்று நூல்களில் அந்தப் பெயர் இருக்கத்தான் போகிறது. பீடத்தில் எந்தப் பெயரைச் சொல்லி வேண்டுகிறோம் என்பதே இங்கே கேள்வி. சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்தட்டினரின் வெறுப்பைத் தூண்டியது என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே கூறுகிறது. அதற்காகத் துன்புற்றவரைச் சாதிப் பெயரால் அழைப்பது பொருந்தாது.

ஆனால் பெயரில் சாதியை எடுத்துவிட்டால் சாதி போய்விட்டது என்று எண்ணுவதும் குழந்தைத்தனமே. இந்திய அரசின் 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை மதத்தோடு பிணைத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. இந்த வினாவை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று நடுவண் அரசு 2025-இல் அறிவித்தது. இத்தகைய வேளையில், நம்மிடம் சாதி இல்லை என்று மேலிருப்பவர் சொல்வது எளிது. அந்தச் சொல், கீழே தள்ளப்பட்டவர் நீதி கேட்கும் வாயையும் அடைத்துவிடும். ஆகத்து 10 அன்று கறுப்புக் கொடி ஏந்தி அரசிடம் சமத்துவம் கேட்கிறோம், கேட்க வேண்டியதே. அதே நாளில் நம் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல்கள் என்றும் எண்ணுவோமானால், நம் கோரிக்கைக்கு வலிமை கூடும்.

திருவிவிலியத்தில் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உறவைச் சரிசெய் என்கிறார் ஆண்டவர் (மத் 5:23-24). விழாவுக்கு முன் மூன்று நாள் தியானமும் ஒப்புரவு அருட்சாதனமும் ஏற்பாடு செய்கிறோம். அந்த மூன்று நாளில் ஓர் இரவை, இரு தெருக்களின் அன்பியங்களும் ஒரே வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்வதற்கு ஒதுக்கலாம். அடுத்த முறை மற்றத் தெருவில் கூடலாம். காப்பி ஒரே பாத்திரத்திலிருந்து, ஒரே விதக் கோப்பையில். கேட்பதற்குச் சிறிய செயலாகத் தெரியும். செய்ய முயன்ற பங்குத்தந்தையர் இது எவ்வளவு பெரியது என்று அறிவர். 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றம் நம்மிடம் கேட்டதும், ஒருவர் பேச மற்றவர் செவிமடுக்கும் இந்தக் கூட்டு நடையையே.

நாம் குறிப்பிட்ட அந்தப் பங்குக்கு, புனிதர் பட்ட விழாவுக்குப் பின், நவநாள் மறையுரை ஆற்ற அழைத்திருந்தார்கள். உபதேசியார் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தேர்ப்பவனியில் முன்னால் புதிதாக ஒரு சப்பரம். அதில் விலங்கிட்ட கைகளோடு புனித தேவசகாயம். கிழக்குத் தெருமுனை வந்ததும் சப்பரம் வழக்கம்போல் திரும்பியது. ஆனால் மெழுகுதிரி ஏந்திய பத்துப் பதினைந்து இளைஞர்கள் திரும்பாமல் நேரே நடந்தார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாம் சற்று நேரம் முனையில் நின்றுவிட்டு, திருவுடையோடு அவர்கள் பின்னால் போனோம். உபதேசியாரின் மகள் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் கோபமாக இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. பங்குத்தந்தைக்குத் தலைவலி உண்டாக்கிவிட்டோமே என்று அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்துவிட்டு, அந்த இளைஞர்களில் இருவரை அடுத்த பங்குப் பேரவையில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்.