குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

கல்லூரிக்கு லீவு விட்டதும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாகச் சட்ட மாணவர்கள் வக்கீல் ஆபீஸ்களில் வந்து நிற்கிறார்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். சம்பளம் கிடையாது. ஜூனியர்களுக்கு மாதம் 15,000, 20,000 ரூபாய் கொடுங்கள் என்று 2024-ல் தமிழ்நாடு பார் கவுன்சில் சொன்னதே என்று கேட்காதீர்கள். அது சன்னது வாங்கிய வக்கீல்களுக்கு. மாணவர்களுக்கு பஸ் காசும் வீட்டிலிருந்துதான்.

பணம் வராத வேலையில் வேறெதையாவது அள்ளிக்கொண்டு வர வேண்டாமா? பலருக்கு உயர் நீதிமன்றத்தில் பெரிய சீனியரின் பின்னால் நடந்தாலே போதுமென்றிருக்கிறது. அதுவும் மே மாதத்தில்! அப்போது உயர் நீதிமன்றத்துக்கே கோடை விடுமுறை. அவசர மனுக்கள் மட்டும் வரும். எழும்பூர், சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்குப் போனால் ரிமாண்டுக்கு ஆளைக் கொண்டுவருவதையும், கூண்டேறிய சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறுவதையும் கண்ணால் பார்க்கலாம்.

ஆபீசில் சீனியரைவிடக் குமாஸ்தாவிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். தாக்கல் செய்த மனு ஏன் ரிட்டர்ன் ஆனது என்று அவரிடம் கேளுங்கள். கோர்ட் கட்டணம் குறைந்திருக்கும், வக்காலத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும், காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இருக்காது. எந்தப் பேராசிரியரும் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு கேஸ் கட்டை எடுத்து, முதல் தாளிலிருந்து கடைசி வாய்தா வரை படித்து, நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிச் சீனியர் மேஜையில் வையுங்கள். திருத்திக் கொடுத்தால் பாடம். திருத்தாமல் அதைப் பார்த்தே வாதாடினாரென்றால் இன்னும் சந்தோஷம். கேஸ் கட்டில் படித்த குடும்பச் சண்டை மட்டும் உங்கள் வாட்ஸ்அப்புக்குப் போகக் கூடாது.

ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினால் போங்கள். எடுக்கும் தாளைப் படித்துக்கொண்டே எடுங்கள். மாதம் முழுக்க டீ மட்டுமே வாங்க வைக்கும் ஆபீசுக்கு மறுமுறை போகாதீர்கள். தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்ய விதியிலும் இடமில்லை.

சென்னையில் அறை எடுத்துத் தங்க வசதியில்லாத பிள்ளைகள் கடன் வாங்கி வருவதைப் பார்க்கிறேன். தேவையே இல்லை. சென்னைக்குத்தான் வர வேண்டும் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. விசாரணை நீதிமன்ற வக்கீல், உள்ளாட்சி, தொண்டு நிறுவனம் எல்லாமே அதில் அடக்கம். மேல்முறையீட்டு வழக்கு நடத்தும் வக்கீலிடம் படிப்பு முடிவதற்குள் ஒருமுறை இருந்தால் போதும். மற்ற வாரங்களை வீட்டுச் சாப்பாட்டோடு சொந்த ஊர் கோர்ட்டிலேயே முடிக்கலாம்.