கட்டை அவிழ்த்தால் போதுமா?

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகத்தில் வைக்கப்பட்ட புதிய நீதிதேவி சிலை 2024 அக்டோபரில் பேச்சானது. புடவை, கிரீடம், வலக்கையில் தராசு, இடக்கையில் வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டம், கண்கட்டு இல்லை. காலனிய மிச்சம் ஒழிந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் ரோமானியர் நீதிதேவியாக வணங்கிய யூஸ்டிசியாவுக்குக் கண்கட்டே கிடையாது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் வழிபாடு பெற்றவள் அவள். அடுத்த பேரரசர் டைபீரியஸ் வெளியிட்ட காசில் தலை வாரி, கிரீடம் தரித்து, கண் திறந்தே இருக்கிறாள். துணி கட்டியது ஏறக்குறைய 1,500 ஆண்டு பிந்திய ஐரோப்பா. 1494-இல் பாசெல் நகரில் அச்சான ‘முட்டாள்களின் கப்பல்’ நூலின் படமொன்றில் ஒரு கோமாளி அவள் கண்ணைக் கட்டுகிறான். கேலியாகத் தொடங்கியதைப் பின்னாளில் பாரபட்சமின்மையின் சின்னமாக்கிவிட்டார்கள். ஆகவே கட்டை அவிழ்த்தது புரட்சியல்ல. திறந்த கண் எதைப் பார்க்கிறது என்பதே கேள்வி. வழக்கென்று சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலிருந்து பொன்னேரி நீதிமன்றத்துக்கு மின்சார ரயில் ஏறுகிறவருக்குச் சிலையின் முகம் முக்கியமல்ல. இன்றும் வாய்தாவா என்பதுதான் கவலை. பக்கத்தில் எண்ணூரில், அனல் மின் நிலையக் குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. உத்தரவு போடுவதோடு நீதியின் வேலை முடிவதில்லை. அது ஆற்றங்கரையில் நிறைவேறியதா என்று பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும். சிலையைக் கொண்டாடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கேட்கட்டும்.