கடைக்காரர் நமக்கு எதற்கு?

மேல்விஷாரத்தில் தோலுக்கும் காலணிக்கும் பஞ்சமில்லை. பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழிலில் நம் ஊரும் ஒன்று. டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குச் செல்பவர் ஒருவரேனும் உள்ள வீடுகள் நம்மிடையே பல. ஆயினும், ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது நாம் ஷூ வாங்கச் செல்வது கம்பெனி வாசலுக்கு அன்று, கடைத்தெருவுக்கே. "செய்கிறவரே நேராக விற்றால் விலை குறையுமே! நடுவில் கடைக்காரர் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. கேள்வி நியாயமானது. ஆனால் கடைக்காரர் உழைக்காமல் உண்கிறார் என்று முடிவு கட்டுவது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து.

ஷூ கம்பெனியில் ஒரே மாதிரியான ஷூ ஆயிரக்கணக்கில் தயாராகிறது. ஒருவர் தோலை வெட்ட, ஒருவர் அப்பரைத் தைக்க, ஒருவர் சோலை ஒட்ட, வேலை இடைவிடாமல் ஓட வேண்டும். அங்கே நாம் போய், "கறுப்பு நிறத்தில் 3-ஆம் நம்பர் ஒரு ஜோடி" என்று கேட்டால் யார் எடுத்துக் காட்டுவது? கடித்தால் யார் மாற்றித் தருவது? ஒரு மாதிரியை 6 அளவுகளிலும் 3 நிறங்களிலும் வைத்தாலே 18 ஜோடிகள் ஆகின்றன. அத்தனையையும் அடுக்கி வைத்துக் காத்திருப்பவர் கடைக்காரரே.

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். 5 கம்பெனிகள், 100 வீடுகள். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு கம்பெனிக்கும் சென்று பார்ப்பதானால் 500 நடைகள். நடுவில் ஒரு கடை இருந்தால், கம்பெனிகளிலிருந்து 5 நடை, வீடுகளிலிருந்து 100 நடை, ஆக 105 மட்டுமே. மிச்சமாகும் நேரமும் பேருந்துக் கட்டணமும் நம்முடையவை அல்லவா?

பணத்தின் கதையும் உண்டு. ஜூன் மாத விற்பனைக்குரிய சரக்கைக் கடைக்காரர் முன்கூட்டியே எடுத்து வைக்கிறார். விற்காமல் தேங்கினால் நட்டம் அவருக்கே. கம்பெனியோ ஆண்டு முழுவதும் கூலி கொடுத்தாக வேண்டும். மொத்தமாக வாங்குவோர் இல்லையேல், அந்தக் கூலியை நம்பி எரியும் அடுப்புகள் என்னாகும்?

கடைக்காரரை நீக்கினாலும் கடையின் வேலை நீங்குவதில்லை. 1931-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட பாட்டா நிறுவனம், தான் செய்யும் காலணியைத் தன் பெயர் தாங்கிய கடைகளிலேயே விற்று வந்தது. அங்கும் வாடகை உண்டு, விற்பனையாளருக்குச் சம்பளம் உண்டு. இன்று கைப்பேசியில் வாங்கினாலும், கொண்டுவரும் செலவையும் திருப்பி அனுப்பும் செலவையும் யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம். நம் பகுதியில் தைக்கப்படும் ஷூக்களில் பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர் தாங்கிக் கப்பலேறுகின்றன. தைத்த கைக்குச் சேரும் பங்கைவிட, அந்தப் பெயருக்கும் தூரத்துக் கடைக்கும் சேரும் பங்கு பெரிது. கடைக்காரரின் உழைப்புக்குக் கூலி தருவது முறை. தைத்த பொருள் எங்கே, என்ன விலைக்கு விற்கிறது என்பதே தைத்தவருக்குத் தெரியாதிருப்பது முறையா? தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், இந்தக் கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது.

மாற்றம் இயலாததன்று. முன்பு இங்கிருந்து பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலே வெளிநாடு சென்றது. 1973-இல் அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்து, முழுதாய்ப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. தோல் விற்ற ஊர்கள் ஷூ தைக்கும் ஊர்களாயின. நெசவாளருக்கும் ஒரு வழி பிறந்தது. 1935-இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதுவே. அங்கே கடை ஒழிக்கப்படவில்லை. நெசவாளரின் சங்கமே கடை நடத்துகிறது.

அன்புத் தோழியரே! கடைக்காரரைப் பழிப்பதால் ஒரு ரூபாயும் நம் ஊருக்கு வந்து சேராது. சரக்கை அறிவது, கணக்கு வைப்பது, வாங்குபவரின் மனம் அறிவது ஆகிய அவர் தொழிலை நாமும் கற்போம். பத்தாம் வகுப்புக்குப்பின் வணிகவியல் எடுப்பது மதிப்பெண் குறைந்தவர்க்கு உரியது என்னும் எண்ணத்தை விடுவோம். பெற்றோரும் பெண்பிள்ளைகளுக்கு அதில் இடம் தர வேண்டுகிறோம். தைக்கத் தெரிந்த நம் ஊர், தன் பெயரிலேயே விற்கவும் கற்கட்டும்!