யாருக்காக இந்தக் கத்தி?

தன் அறிவீனத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதைப் பிறருக்குப் பரிசாகவும் கொடுக்க மனிதனால் முடியும். இதற்கு நானே சாட்சி.

சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது மாரியூர். பூவேந்தியநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர். சிவபெருமான் வலைஞராக வந்து வலை வீசிய திருவிளையாடல் தங்கள் கடற்கரையில்தான் நடந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சித்திரைத் திருவிழாவில் அதை நடத்தியும் காட்டுவார்கள். அந்தத் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது, பெரியவர் ஒருவர் என்னைத் தம் வள்ளத்தில் ஏற்றிக் கடலைக் காட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த நன்றிக்காக மறு வருஷம் போகும்போது அவருக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொண்டு போனேன்.

பட்டணத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டின் மேல் படுத்திருந்த கத்தி அது. பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரி, அரம், ரம்பம், தகர டப்பா திறக்க ஒன்று, புட்டித் தக்கையைத் திருகி எடுக்க ஒன்று என்று விரித்தால் நண்டு மாதிரி நாலு பக்கமும் கால் நீட்டும். "ஒரு கத்தியில் ஒன்பது வேலை" என்றார் கடைக்காரர். நானும் மயங்கினேன்.

அதற்கடுத்த வருஷம் பெரியவர் என்னை வரவேற்றுக் கும்பிட்டார். கும்பிட்ட கையில் ஆள்காட்டி விரல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது.

"என்ன ஆச்சு பெரியவரே?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. கத்தி நல்ல கத்திதான். கை நனைஞ்சா மட்டும் அதுக்குக் கோபம் வந்துருது."

வலையில் சிக்கிய கயிற்று முடிச்சைக் கத்தி முனையால் குத்தி நெம்பியிருக்கிறார். அலகு சடக்கென்று திரும்பிப் பிடிக்குள் புகுந்துவிட்டது. நடுவில் இருந்தது அவருடைய விரல். விரலை மடக்கும் நரம்பு அறுந்து போயிற்று. மடங்கக் கூடாத கத்தி மடங்கியது. மடங்க வேண்டிய விரல் இனி மடங்காது.

"அவர் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடுகிற வள்ளத்தில், ஈரக் கையோடு, ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க மறு கையால் அறுக்கிறவனிடம் ஜாக்கிரதையைப் பற்றி உபதேசம் செய்கிறோம். மேஜைமேல் ஆப்பிள் நறுக்குகிற கைக்காகக் கத்தியை அமைத்தவனை ஒரு வார்த்தை கேட்கிறோமா?

விஷயம் சிக்கலானதல்ல. அந்த மாதிரிக் கத்திகளில் விரிந்த அலகை நிறுத்தி வைப்பது பிடியின் முதுகில் உள்ள ஒரு வில்லின் அழுத்தம்தான், பூட்டு கிடையாது. கூர்ப்பக்கம் பாரம் விழுந்தால் அலகு அசையாது. முதுகுப் பக்கம் பாரம் விழுந்தால் மடங்கிவிடும். குத்தும்போதும் நெம்பும்போதும் பாரம் முதுகில்தான் விழுகிறது.

அப்படியானால் அத்தனை உறுப்புகளும் எதற்கு? அவை பிறந்த இடத்தில் அர்த்தத்தோடுதான் பிறந்தன. ஸ்விட்சர்லாந்துப் பட்டாளத்துக்காக 1890-ஆம் வருஷத்து மாதிரியில் செய்த கத்தியில் ஓர் அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகியவை இருந்தன. சிப்பாய் டப்பாவில் அடைத்த உணவைத் தின்றான். அவன் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி தேவைப்பட்டது. தக்கை திருகி வந்தது 1897-இல், அதிகாரிகளின் கத்தியில். அதிகாரிகளுக்குத் திராட்சை மது உண்டு. எல்லாம் நியாயமே. ஆனால் மாரியூர்க் கடலில் எந்தப் புட்டியின் தக்கையைத் திருகப் போகிறார் என் பெரியவர்?

பிரான்ஸில் ஸவாய் என்ற மலைநாட்டில் ஜோசப் ஒப்பினல் என்பவர் 1890-இல் ஒரு கத்தி செய்தார். ஒரே அலகு, மரப் பிடி, குடியானவன் கத்தி. 1955-இல் அதன் கழுத்தில் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் விரிந்த அலகு மடங்காது. ஒரு சின்ன வளையம், ஐயா! அது இல்லாமல்தான் இங்கே ஒரு விரல் போயிற்று.

நமக்கு இந்த அறிவு இல்லையா? இருந்தது. ஓலையில் எழுதிய காலத்தில் நம்மவர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. எழுத்தாணியும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கத்தி ஓலையை நறுக்கவும் வாரவும், எழுத்தாணி எழுதவும். இரண்டே உறுப்பு, இரண்டும் ஒரே தொழிலுக்கு. செய்த கொல்லனுக்கு ஓலை எழுதுகிறவனின் கை தெரிந்திருந்தது.

நிற்க. பூட்டுள்ள மடக்குக் கத்தி இந்த நாட்டில் இல்லாமலும் இல்லை. உத்தரப் பிரதேசத்து ராம்பூரிக் கத்தியைச் சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். விரித்ததும் பூட்டிக்கொள்ளும். 2023-இல் அந்த ஊர் நாற்சந்தியில் கத்திக்கு ஒரு பிரம்மாண்டமான சிலையே நிறுத்திவிட்டார்கள். ஆக, திரையில் வரும் போக்கிரியின் விரலுக்குப் பாதுகாப்பு உண்டு. வலை இழுப்பவன் விரலுக்குத்தான் இல்லை.

"மடக்காத கத்தியே வைத்துக்கொள்ளலாமே? பனையேறிகள் பாளை அரிவாளை மடக்கியா கொண்டு போகிறார்கள்?" என்று கேட்கலாம். பனையேறிக்கு இடுப்பில் அரிவாள் பெட்டி இருக்கிறது. வலைக் குவியலுக்குள் உட்கார்ந்து எழுந்து குனிகிறவனுக்குத் திறந்த அலகு வலைக்கும் ஆபத்து, தொடைக்கும் ஆபத்து. கத்தியை மடக்குவது கத்தியின் சௌகரியத்துக்காக அல்ல. அதைச் சுமக்கிற உடம்புக்காக. உடம்பை மறந்து மடக்கினால் அது கத்தி அல்ல, பொறி.

நான் கொல்லனுமல்ல, இஞ்சினீயருமல்ல. ஆனாலும் என் குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக இவ்வளவு கேட்கிறேன். ஒரே அலகு போதும். அது விரிந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையாலேயே திறக்க வர வேண்டும். கப்பலோட்டிகளின் கத்திபோல முனை மழுங்கி இருக்கட்டும். படகு ஆடும்போது யார் வயிற்றிலும் ஏறாது. குத்தி நெம்ப வேண்டுமானால் பக்கத்திலேயே மழுங்கிய ஊசி ஒன்று இருக்கட்டும். ஈரக் கைக்கு வழுக்காத பருத்த பிடி, கயிறு கோக்க ஒரு துளை. மணலும் உப்பும் அடைந்தால் தண்ணீர் விட்டு அலசிவிடும்படி பிடியின் உட்புறம் திறந்திருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகும் கடல் காற்றில் அசட்டையாக விட்டால் புள்ளி கட்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லி விற்க வேண்டும். இதில் எதற்குச் சிவப்புப் பட்டு தேவை?

வாங்குகிற நம்மையும் நான் விடப் போவதில்லை. உறுப்புகளை எண்ணி விலை பேசுகிறவர்கள் நாம்தானே. கத்தி யார் கைக்குப் போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான் தாண்டிப் போயிருப்பேன்.

பெரியவர் அந்தக் கத்தியைத் தூக்கி எறியவில்லை. "நீங்க ஆசையாக் கொடுத்ததாச்சே" என்று பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.